பாலர் பிணியும் அவசர சிகிச்சையும்

பிள்ளை பெற்றோர் எவரும் வாழ்நாளில் ஒருமுறையேனும் எதிர்கொள்ள நேரும் சங்கடங்களுள் மிகக் கடினமானது, நள்ளிரவிலே சுகவீனமுற்ற குழந்தையை அப்பொழுதே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதா, விடியும்வரை பொறுத்திருப்பதா என்று தீர்மானிப்பதேயாகும். தன் நோவை வாய்விட்டுச் சொல்ல இயலாத ஒரு ஜீவனின் பொருட்டு, வைத்திய சாஸ்திரம் கல்லாத தாயும் தகப்பனும், வீட்டு மூத்தோர் ஒருவர் பல் முளைக்கிற காய்ச்சல் என்றும் மற்றொருவர் நாவூறு என்றும் உரைக்கக் கேட்டுக்கொண்டே செய்யவேண்டிய தீர்மானம் அது. காரணமின்றி ஓடினோம் என்ற கூச்சம் ஒருபுறமும், காலந் தாழ்த்திவிட்டோம் என்ற பச்சாத்தாபத்தின் பயம் மறுபுறமும் நின்று மனத்தை அலைக்கழிக்க, பெரும்பாலானோர் அவ்வேளையில் நம்புவது வெப்பமானியையே. காய்ச்சல் ஏறினால் அஞ்சுகின்றனர். இறங்கினால் ஆறுதலடைந்து உறங்கப் போகின்றனர்.

ஆனால் கடந்த அரை நூற்றாண்டிலே குழந்தை வைத்தியம் தேடிக் கண்ட உண்மைகளை ஒருங்கு வைத்து நோக்குவோமாயின், குழந்தைக்கு நேர்ந்துள்ள அபாயத்தை அளப்பதற்கு உஷ்ணம் மிகவும் பலவீனமான அளவுகோல் என்பதும், சுவாசம், உணவும் நீரும் அருந்தும் ஆற்றல், விழிப்பு, சிறுநீர் என்னும் நான்குமே நம்பத்தக்க சாட்சிகள் என்பதும் புலப்படும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, ஐப்பசி முதல் தை வரையுள்ள மாரிகாலத்தில், காய்ச்சல் இறங்குகின்ற நேரமே சில குழந்தைகளுக்கு ஆபத்துத் தொடங்குகின்ற நேரமாக இருத்தலால், இவ்வுண்மை இங்குள்ள பெற்றோருக்கு மற்றெவரையும்விட இன்றியமையாதது.

குழந்தை என்பது சிறிய அளவிலான மனிதன் அன்று. அதன் தேகத்தின் கணக்கே வேறு. பிறந்த சிசுவின் நிறையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீராகும். வளர்ந்தவரிடத்திலோ அது பாதிக்குச் சற்று மேற்பட்டதே. மேலும், உடற்கலங்களுக்கு வெளியே உலாவும் நீரில் ஏறக்குறையப் பாதியை ஒரு கைக்குழந்தை நாள்தோறும் வெளியேற்றிப் புதிதாகப் பெறுகின்றது. வளர்ந்தவர் அவ்வாறு மாற்றிக்கொள்வது ஏழிலொரு பங்கு மாத்திரமே. ஆகவே இரண்டு நாள் உண்ணாமற் கிடந்த தகப்பன் சோர்வோடு எழுந்து நடமாடக்கூடுமாயினும், ஒரு பகல் முழுவதும் சத்தியும் வயிற்றோட்டமுமாய்க் கிடந்து ஒன்றும் அருந்தாத ஆறு மாதக் குழந்தை மாலைக்குள்ளாகவே நீர் வற்றி மயங்கிவிடக்கூடும்.

சுவாசப் பாதையின் செய்தியும் இத்தகையதே. ஒரு குழாயினூடாக அமைதியாகச் செல்லும் பாய்பொருளுக்கு நேரும் தடை, அக்குழாயின் ஆரையினது நான்காம் அடுக்குக்கு நேர்மாறு விகிதசமமாக அமையும் என்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வைத்தியர் புவாசேய் கண்டறிந்த விதியாகும். எட்டு மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு பாதை தடிமனால் உட்புறம் ஒரு மில்லிமீற்றர் வீங்குமாயின் தடை மும்மடங்கு அளவில் மிகும். நான்கு மில்லிமீற்றர் விட்டமே உள்ள சிசுவின் பாதை அதேயளவு வீங்கினால் தடை பதினாறு மடங்காகப் பெருகிவிடும். தாய்க்கு மூக்கடைப்போடு கழிந்துபோகும் அதே கிருமி, அவளது மடியிற் கிடக்கும் குழந்தையை இளைப்பும் முட்டுமாகத் துன்புறுத்துவது இக்காரணத்தினாலேயே.

இவற்றினும் மேலாகக் கருதத்தக்கது இருதயத்தின் இயல்பு. நீரோ இரத்தமோ குறைந்து போகும்போது, ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான இரத்தத்தை உந்தித் தள்ளும் வல்லமை பச்சிளம் இருதயத்துக்கு அதிகமில்லாமையால், அது தன் துடிப்பின் வேகத்தைக் கூட்டியும், கைகால்களுக்குச் செல்லும் நாளங்களைச் சுருக்கியும், மூளைக்கும் தனக்கும் வேண்டிய இரத்தத்தை எப்பாடுபட்டேனும் காத்துக்கொள்கின்றது. பெரும்பாரம் ஏற்றிய வண்டியை முழந்தாள் மடிந்து விழுமட்டும் நடை தளராது இழுத்துச் செல்லும் எருதைப் போல, மொத்த இரத்தத்தில் நாலிலொரு பங்கு குறையும் வரையிலும் குழந்தையின் இரத்த அழுத்தம் இயல்பான அளவிலேயே நிற்கக்கூடும். அதன் பின்னர் வீழ்ச்சி சடுதியாக நேரும். எனவேதான் குழந்தை வைத்தியர்கள் இரத்த அழுத்தம் குறையும்வரை காத்திராமல், நாடியின் வேகத்தையும் உள்ளங்கால்களின் குளிர்ச்சியையும் முதலிலே சோதிக்கின்றனர். நகத்தை அழுத்தி விட்டபின் வெளிறிய இடம் மூன்று விநாடிக்குள் சிவக்கின்றதா என்றும் பார்க்கின்றனர். நெற்றி தணலாய்க் கொதிக்கும்போதே கைகால்கள் சில்லிட்டுக் கிடப்பின், அதனைக் காய்ச்சலின் குளிர் என்று மாத்திரம் எண்ணிப் போர்த்திவிடுதல் தகாது.

இனிக் காய்ச்சலைப் பற்றிச் சிறிது கூறுவோம். காய்ச்சல் என்பது நோயன்று. நோயை எதிர்ப்பதற்குச் சரீரம் தானே செய்துகொள்ளும் ஏற்பாடு. கிருமிகளைக் கண்ட வெண்குருதிக் கலங்கள் விடுக்கும் இரசாயனத் தூதுகள் மூளையின் அடிப்பாகத்திலுள்ள வெப்பச் சமநிலை மையத்தை எட்டியதும், அங்கே புரோஸ்டகிளாண்டின் என்னும் பதார்த்தம் தோன்றி, உடல் காக்கவேண்டிய உஷ்ணத்தின் எல்லையை உயர்த்திவிடுகின்றது. பரசிற்றமோல் அப்பதார்த்தத்தின் உற்பத்தியைத் தடுத்து உபாதையைக் குறைக்குமேயன்றி நோயின் போக்கை மாற்றாது. குழந்தையின் நிறையில் ஒரு கிலோகிராமுக்குப் பதினைந்து மில்லிகிராமுக்கு மேற்படாமல், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பதே போதுமானது. காய்ச்சல் குறையவில்லையென்று அளவையோ தடவையையோ கூட்டுவது ஈரலுக்குக் கேடாகும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 38 பாகை செல்சியசோ அதற்கு மேலோ காய்ச்சல் காணுமாயின், அது சிரித்து விளையாடினும் தாமதமின்றி வைத்தியரிடம் காட்டவேண்டும் என்பது ஒன்றே, வெப்பமானி தனித்து நின்று சொல்லக்கூடிய திட்டவட்டமான கட்டளை.

பெற்றோரை நடுநடுங்கச் செய்வது காய்ச்சல் வலிப்பு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது நேர்கின்றது. பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே அடங்கிவிடுவதும், மூளைக்கு நிரந்தரமான ஊறு விளைவிக்காததுமான இவ்வலிப்பின்போது, கையில் இரும்பைத் திணிப்பதும் வாயிலே கரண்டியை நுழைப்பதும் பயனற்றவை மாத்திரமன்றித் தீங்கானவையுமாகும். குழந்தையைப் பக்கவாட்டில் சரித்துக் கிடத்தி, கழுத்தை இறுக்கும் உடையைத் தளர்த்தி, மணிக்கூட்டைப் பார்த்துக்கொள்ளுதலே செய்யத்தக்கது. ஐந்து நிமிடத்தைக் கடந்தால் அது அவசர நிலை. முன்னரே அடங்கிவிட்டாலும், முதன்முறை வலிப்புக் கண்ட குழந்தையை, மூளைக்காய்ச்சல் இல்லையென்று நிச்சயப்படுத்தும் பொருட்டு, அன்றே வைத்தியசாலையிற் காட்டவேண்டும்.

அவ்வாறாயின் அபாயத்தை எவ்வாறு அறிவது? உலக சுகாதார நிறுவனம் கிராமத்துச் சுகாதார ஊழியரும் எளிதிற் பயன்படுத்துமாறு வகுத்த இலட்சணங்கள் சிலவே: பால் குடிக்கவோ நீர் அருந்தவோ இயலாமை, உட்கொண்ட யாவற்றையும் சத்தியெடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் சரிவர விழிக்காத சோர்வு. இவற்றுள் ஒன்று காணினும் நேரம் எதுவாயினும் புறப்படவேண்டியதே. இவற்றோடு சேர்த்துக் கருதவேண்டியது சுவாசம். நெஞ்சொலி கேட்கும் கருவியோ ஊடுகதிர்ப் படமோ இல்லாத இடத்தில் நிமோனியாவை எங்ஙனம் இனங்காண்பது என்ற வினாவுக்கு, பப்புவா நியூகினியின் மலைநாட்டிலே பணிபுரிந்த பிராங்க் ஷான் என்னும் குழந்தை வைத்தியரும் அவருடைய தோழர்களும் 1984இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று விடை கண்டது. குழந்தையின் மூச்சைக் கண்ணாற் பார்த்து எண்ணுதலும், மூச்சை உள்ளிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உட்குழிகின்றதா என்று நோக்குதலும், நோயின் கடுமையை அறியப் பெரிதும் போதுமானவை என்று அவர்கள் காட்டினர். அழாமல் அமைதியாக இருக்கும் குழந்தையின் சட்டையை உயர்த்தி ஒரு நிமிடம் முழுவதும் எண்ணும்போது, இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60உம், ஒரு வயது நிரம்பாததற்கு 50உம், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40உம், அல்லது அவற்றுக்கு மேற்படவும் காணின், அது துரித சுவாசமாகும். இதற்கு வேண்டிய கருவி ஒரு மணிக்கூடு. அது இல்லாத வீடு குடாநாட்டில் இல்லை.

வயிற்றோட்டத்தைப் பொறுத்தவரையில் கைகண்ட மருந்து வீட்டிலேயே இருக்கின்றது. குடலின் சுவரிலுள்ள வாயில்களினூடே சோடியமும் குளுக்கோசும் ஒன்றையொன்று துணைகொண்டே உட்புகுகின்றன என்பதையும், அவற்றின் பின்னே நீரும் உட்செல்கின்றது என்பதையும் 1960களின் ஆராய்ச்சிகள் நிலைநாட்டின. வாந்திபேதியால் குடல் நீரைச் சொரிந்துகொண்டிருக்கும்போதும் இவ்வழி மூடப்படுவதில்லை. 1971ஆம் ஆண்டு, கிழக்கு வங்காளத்திலிருந்து ஓடிவந்த அகதிகள் இலட்சக்கணக்கில் நிறைந்திருந்த மேற்கு வங்காளத்தின் பொங்காவ் எல்லையிலே, நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனாபிஸ் என்னும் குழந்தை வைத்தியர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை நோயாளரின் உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த மரணம் நான்குக்கும் கீழாக இறங்கிற்று. அந்தக் கரைசலின் வழிவந்ததே நம்மவர் ஜீவனி என்று வாங்கும் பொதி. அதனைப் பொதியிற் குறித்த அளவு கொதித்தாறிய நீரிலேயே கரைக்கவேண்டும். நீரைக் குறைத்தால் உப்பு மிகுந்து தீங்காகும், கூட்டினால் பயன் குன்றும். சத்தியெடுக்கும் குழந்தைக்கும் ஒவ்வொரு தேக்கரண்டியாக, இரண்டொரு நிமிட இடைவெளியில் புகட்டலாம். தாய்ப்பாலை நிறுத்துதல் கூடாது. கண்கள் குழிந்து, அழும்போது கண்ணீர் வராமல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமல் இருந்தால், ஜீவனியைப் புகட்டிக்கொண்டே வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும்.

குடாநாட்டின் பெருந்துன்பங்களுள் ஒன்றாகிய டெங்குக் காய்ச்சலுக்கு இப்போது வருவோம். வடகீழ்ப் பருவமழையை ஒட்டி நுளம்பு பெருகும் மாதங்களிலே இந்நோயும் பெருகுகின்றது. தெளிந்த நன்னீரில் மாத்திரமே இந்நுளம்பு முட்டையிடும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. கடலால் சூழப்பட்ட குடாநாட்டின் உவர்நீர்க் கிணறுகளிலும் தேக்கங்களிலும்கூட அது வளர்கின்றது என்பதை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் சி. நோபிள் சுரேந்திரன், ரஞ்சன் இராமசாமி முதலியோர் 2011 முதல் வெளியிட்ட ஆராய்ச்சிகள் புலப்படுத்தின. ஆகவே பாவிக்காத உவர்க்கிணறுதானே என்று அசட்டையாக விட்டுவிடவும் வழியில்லை.

டெங்கின் கபடம் அதன் காலக்கிரமத்திலே இருக்கின்றது. முதல் இரண்டு மூன்று நாட்கள் கடுங்காய்ச்சல். பின்னர், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையிலே, காய்ச்சல் தணிகின்றது. பல குழந்தைகள் அத்தோடு குணமடைகின்றன. சில குழந்தைகளுக்கோ அத்தருணத்திலேயே நுண்ணிய குருதிக் குழாய்களின் சுவர்கள் நெகிழ்ந்து, குருதியின் நீர்ப்பாகம் வயிற்றிலும் நெஞ்சறையிலும் கசியத் தொடங்குகின்றது. இருபத்துநான்கு முதல் நாற்பத்தெட்டு மணி நேரம் நீடிக்கும் இக்கசிவின்போது குழந்தை பேசிக்கொண்டும் இருக்கும்; மேலே கூறியவாறு இருதயம் கடைசிவரை ஈடுகொடுத்து நிற்பதால், வீட்டார் காய்ச்சல் விட்டது என்று மகிழ்ந்திருக்கும் வேளையிலேயே அதிர்ச்சி நிலை வந்து சேரும். ஓயாத வயிற்றுவலி, தொடர்ந்த சத்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், நிலைகொள்ளாத அந்தரிப்பு, குளிர்ந்த கைகால், சிறுநீர்க் குறைவு ஆகியவை அதன் முன்னறிவித்தல்கள். பாங்கொக் சிறுவர் வைத்தியசாலையிலே ஆயிரக்கணக்கான டெங்குக் குழந்தைகளைக் கூர்ந்து அவதானித்த சுசித்ரா நிம்மானித்யா என்னும் அம்மையார் வகுத்த இலட்சணங்களும் படிநிலைகளுமே, உலக சுகாதார நிறுவனம் பின்னர் வெளியிட்ட வழிகாட்டலுக்கு ஆதாரமாயின. இந்நோய்க்கு மருந்து, சரியான நேரத்தில் சரியான அளவு திரவமே. குறைந்தாலும் உயிருக்கு ஆபத்து, மிகுந்தாலும் நுரையீரலில் நீர் கோத்து ஆபத்து. எனவேதான் விடுதியிலே மணிக்கு மணி நாடியும் சிறுநீரும் அளக்கப்பட்டு, குருதி மீண்டும் மீண்டும் சோதிக்கப்படுகின்றது. இரண்டு நாளைக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் குருதிப் பரிசோதனை செய்வித்தல் வேண்டும். அஸ்பிரின், ஐபுபுரூபன், மலவாயில் வைக்கும் டைக்குளோபினாக் ஆகியவற்றை வைத்தியர் சொல்லாமல் தொடுதலும் ஆகாது.

பாலர் பிணியைத் தனித்து ஆராயவேண்டும் என்ற எண்ணம் இம்மண்ணுக்குப் புதிதன்று. யாழ்ப்பாண மன்னர் காலத்தோடு தொடர்புபடுத்திக் கூறப்படும் பரராசசேகரம் என்னும் வைத்திய நூலில், ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை பதிப்பித்த பாகங்களுள் பாலரோக நிதானமும் ஒன்றாகும். 1847இல் இங்கு வந்து மானிப்பாயிலே வைத்தியம் கற்பித்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே போதித்தும், இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களை வெளிவரச் செய்தும், அறுபதுக்கு மேற்பட்ட மாணாக்கரை வைத்தியராக்கினார். 1850இல் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் தோன்றிய தரும வைத்தியசாலையே, பின்னர் அரசின் வசமாகி, 1978இல் மருத்துவபீடம் நிறுவப்பட்டதோடு போதனா வைத்தியசாலையாகி, இன்றும் மக்கள் நாவில் பெரியாஸ்பத்திரி என்று வழங்குகின்றது. 1987 ஒக்டோபரில் அவ்வைத்தியசாலைக்குள்ளே நோயாளரும் ஊழியரும் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானபோது உயிரிழந்தோருள் குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரமும் ஒருவர். நாடு முழுவதையும் நோக்குவோமாயின், 1946ஆம் ஆண்டில் இலங்கையிலே உயிருடன் பிறந்த ஆயிரம் சிசுக்களுள் ஏறத்தாழ 140 பேர் முதலாண்டு நிறையுமுன் மடிந்தனர். இன்று அத்தொகை பத்துக்கும் குறைவு. கட்டணமில்லா வைத்தியமும், வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரும், தாய்மாரின் கல்வியும் சேர்ந்து ஈட்டிய வெற்றி இது.

வைத்தியசாலையின் வாயிலை அடைந்தபின் நிகழ்வதையும் பெற்றோர் விளங்கிக்கொள்ளுதல் நன்று. அவசர சிகிச்சைப் பிரிவிலே முதலில் வந்தவருக்கு முதலிற் சிகிச்சை என்ற முறை கிடையாது. நெப்போலியனின் படையிலே இருந்த இரண வைத்தியர் லாரே, காயமுற்றோரைப் பதவி பாராது காயத்தின் கடுமை பார்த்து ஒழுங்குபடுத்திய வழக்கமே இன்றைய தரம்பிரித்தலுக்கு மூலமாகும். மலாவி நாட்டின் பிளாண்டயர் நகரிலுள்ள குயீன் எலிசபெத் மத்திய வைத்தியசாலையிலே, எலிசபெத் மொலினியூக்ஸ் என்னும் குழந்தை வைத்தியரும் துணைவரும் புதிய மருந்தேதும் இன்றி, வந்த குழந்தைகளை வாயிலிலேயே தரம்பிரித்து ஆபத்தானவற்றுக்கு உடனே சிகிச்சை தொடங்கும் ஒழுங்கை ஏற்படுத்திய மாத்திரத்தில், விடுதியில் நூற்றுக்கு 10 முதல் 18 வரையிருந்த குழந்தை மரணம் 6 முதல் 8 வரையாகக் குறைந்தது. ஆதலால் பின்னர் வந்த குழந்தையொன்று முன்னர் உள்ளே அழைக்கப்படின், அதனை அநீதியென்று கொள்ளாது, தம் குழந்தை காத்திருக்கத்தக்க நிலையிலிருப்பதன் அறிகுறியாகக் கொள்ளுதல் வேண்டும். காத்திருக்கும்போது நிலைமை மாறினாலோ, மூச்சு இழுத்தாலோ, சோர்வு மிகுந்தாலோ, வரிசையைப் பாராது தாதியரிடம் உடனே சொல்லவேண்டும்.

சொல்லவேண்டியவை சில: காய்ச்சல் எந்த நாள் எந்த நேரம் தொடங்கியது, கடைசியாகச் சிறுநீர் கழிந்தது எப்போது, அன்று எவ்வளவு அருந்தியது, என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது, எந்த மருந்து ஒவ்வாது. இவற்றை ஒரு தாளிற் குறித்து, கிளினிக் கொப்பியையும் கொடுத்த மருந்துப் போத்தலையும் உடன் கொண்டு சென்றால், வைத்தியருக்குப் பாதி வேலை குறையும். பருத்தித்துறைக்குரிய மந்திகை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. மூச்சுத் திணறும் குழந்தையை அவற்றைக் கடந்து பெரியாஸ்பத்திரிக்கே கொண்டு செல்வேன் என்று பிடிவாதம் செய்யாமல், அண்மையிலுள்ள இடத்தில் ஒட்சிசனும் முதற் சிகிச்சையும் பெற்றபின், அங்கிருந்து அனுப்பப்படுதலே விவேகம். 2018 யூலை முதல் வடமாகாணத்திலும் இயங்கும் கட்டணமற்ற அம்புலன்ஸ் சேவையை 1990 என்ற எண்ணில் அழைக்கலாம். நெடுந்தீவு மக்களோ கடல் கடந்து குறிகாட்டுவானில் இறங்கி, புங்குடுதீவு, வேலணை வழியாகப் பண்ணைப் பாலம் தாண்டி வரவேண்டியவராதலால், அவர்கள் மற்றவரிலும் ஒருபடி முன்னதாகவே தீர்மானிக்கவேண்டும். காற்றும் கடலும் எழும் மார்கழியில், பகலிலே தோன்றும் ஐயத்தை இரவுக்கு ஒத்திவைத்தல் தகாது.

பெற்றோருக்கு இறுதியாகக் கூறவேண்டியது இதுவே. உங்கள் குழந்தையின் வழக்கமான முகத்தையும் குரலையும் உங்களைப்போல் அறிந்த வைத்தியர் எவருமிலர். பிள்ளை வழமைபோல் இல்லை என்று தாயொருத்தி சொல்லும் சொல்லைத் தேர்ந்த குழந்தை வைத்தியர் அலட்சியம் செய்வதுமில்லை. மூச்சை எண்ணுங்கள், குடிக்கின்றதா, விழிக்கின்றதா, சிறுநீர் கழிகின்றதா என்று பாருங்கள், மாரிகாலத்தில் காய்ச்சல் விட்ட அன்றும் மறுநாளும் முன்னிலும் விழிப்பாயிருங்கள். நோயில்லை என்று அறிந்து திரும்பி வருவதில் வெட்கப்பட யாதொன்றும் இல்லை. ஐயம் நேர்ந்தால் பொழுது பாராது புறப்படுங்கள்.